மரத்துக்கும் சத்துக் குறைவு உண்டு!

குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே வெளுத்துக் கிடக்கு, ரத்தம் போதலை" என்று சொல்லிவிடுவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். வாயோரம் வெடித்தால் ஒரு காரணம், நகம் குழிந்தால் ஒரு காரணம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. டாக்டரும் அப்படித்தான். முதலில் நாக்கை நீட்டச் சொல்லுவார், கண்ணைப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரத்துக்கு நாக்கு ஏது? நகம் ஏது? அதனிடம் இருப்பது இலை. பசி, தாகம், சத்துக் குறைவு, அஜீரணம் எல்லாவற்றையும் அது இலையில்தான் எழுதிக் காட்டுகிறது. அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதையே ஆயுள் முழுவதும் வேலையாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பழத்தோட்டங்களின் மண்ணையும் மரங்களையும் ஆராயும் விஞ்ஞானிகள்தான் அவர்கள். ராக்கெட் விடுகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வருகிற அளவுக்கு இவர்களைப் பற்றி வருவதில்லை. ஆனால் நாம் குழந்தைக்கு நறுக்கிக் கொடுக்கிற ஆப்பிளிலும் ஆரஞ்சிலும் இவர்கள் உழைப்பு இருக்கிறது. இவர்களைப் பற்றி நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

"மண்ணைக் கிண்டவா காலேஜ்?"

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது என் நாத்தனார் மகளால். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. "மண்ணைக் கிண்டுறதுக்கு எதுக்குக் காலேஜ்? நம்ம தோப்புக்காரரு படிச்சுட்டா செய்யறாரு?" என்றார் அவளுடைய தாத்தா. என் மாமியாருக்கு வேறு கவலை. "வெயில்ல நின்னு கறுத்துப் போனா யாரு கட்டிக்குவாங்க?" என்றார். அவள் பிடிவாதமாக நின்றாள், படித்தாள். இப்போது மேல்படிப்பில் பழமரங்களின் மண்ணையும் சத்தையும் ஆராய்கிறாள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் கொல்லையில் நின்றுகொண்டு ஏதாவது ஒரு இலையைக் கிள்ளி, "அத்தை, இதைப் பாருங்க, இது என்ன சொல்லுது தெரியுமா?" என்பாள். நான் பத்தாவதோடு நின்றவள். இருந்தாலும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டும், அவள் கொண்டுவந்த புத்தகங்களை அவளையே வைத்துக்கொண்டு படித்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிள் சாற்றுக்காகப் பிறந்த நிலையம்

இங்கிலாந்தின் தென்மேற்கே பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்று ஒரு கிராமம். சுற்று வட்டாரத்தில் ஆப்பிள் தோட்டங்கள் அதிகம். ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து 'சைடர்' என்ற பானம் செய்வது அங்கே பரம்பரைத் தொழில். ஆனால் நம் வீட்டு ஊறுகாய் மாதிரி, ஒரு வருஷம் அமிர்தமாக வரும், மறு வருஷம் வாயில் வைக்க முடியாது. காரணம் தெரிந்துகொள்வதற்காக 1903-ம் ஆண்டு அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சில வருஷங்களில் அது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நூறு வருஷம் நடந்து, 2003-ல் மூடப்பட்டது.

சாற்றின் குணத்தைத் தேடிப் போனால் பழத்தின் குணம் வந்தது. பழத்தைத் தேடிப் போனால் மரம், மரத்தைத் தேடினால் மண். இப்படிச் சாறு காய்ச்சுகிற பானையில் ஆரம்பித்த ஆராய்ச்சி வேரடி மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது!

முதல் உலக யுத்தம் முடிந்து, 1919-ல் அங்கே வேலைக்கு வந்தவர் தாமஸ் வாலஸ். ரசாயனம் படித்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஆப்பிள் மரங்களில் ஒரு கோளாறு இருந்தது. இலையின் ஓரம் மட்டும் நெருப்பில் வாட்டினது போலக் கருகிச் சுருண்டுவிடும். பார்த்தால் வெயிலில் கருகியதோ, காற்றில் அடிபட்டதோ, பூச்சி அரித்ததோ என்றுதான் தோன்றும். வாலஸ் அது சத்துக் குறைவு என்று நிரூபித்தார். குறைந்திருந்தது பொட்டாஷ், அதாவது பொட்டாசியச் சத்து. அந்தச் சத்தைக் கொடுத்ததும் மரம் தேறியது.

எப்படி நிரூபித்தார் என்பதுதான் நமக்குச் சுவாரஸ்யமான விஷயம். சாம்பாரில் ஏதோ குறைகிறது, என்ன குறைகிறது என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்? எல்லாச் சாமானும் போட்டு, புளியை மட்டும் விட்டு ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம். அடுத்த தடவை உப்பை மட்டும் விட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் இல்லாவிட்டால் ருசி எப்படி இருக்கும் என்று நாக்குக்குப் பழகிவிட்டால், பிறகு யார் வீட்டுச் சாம்பாரிலும் என்ன குறை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அவர்கள் செய்ததும் அதுவேதான். மணலை நன்றாகக் கழுவி, அதில் ஒரு சத்தும் இல்லாமல் செய்து, அதிலே செடியை நடுவார்கள். தேவையான எல்லாச் சத்தையும் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. அந்த ஒன்று இல்லாத செடி இலையில் என்ன அடையாளம் காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த தொட்டியில் வேறொரு சத்தை விட்டுவிடுவார்கள்.

இப்படி வருஷக்கணக்காகச் சேர்த்ததை எல்லாம் வாலஸ் ஒரு புத்தகமாக வண்ணப் படங்களோடு 1943-ல் வெளியிட்டார். இலையைப் பார்த்தே சத்துக் குறைவைச் சொல்லும் புத்தகம். அது இரண்டாம் உலக யுத்த காலம். கப்பலில் வர வேண்டிய உணவு வரவில்லை, உள்நாட்டில் ஒவ்வொரு காணி நிலமும் விளைய வேண்டியிருந்தது. ரசாயனப் பரிசோதனைக்கு நேரமில்லாத விவசாயிக்கு, படத்தோடு இலையை ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்! அதே வருஷம் அவர் அந்த நிலையத்தின் தலைவரும் ஆனார். 1957 வரை இருந்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 38 வருஷம். ஒரே இடம், ஒரே விஷயம்!

பழைய இலையா, புது இலையா?

இலையைப் படிக்க முதல் பாடம் என்ன என்று என் நாத்தனார் மகளிடம் கேட்டேன். "நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்த இலைன்னு பாருங்க அத்தை. அடி இலையா, கொழுந்தா?" என்றாள்.

இதில் பெரிய தத்துவமே அடங்கியிருக்கிறது. சில சத்துகள் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ், மக்னீசியம் ஆகியவை அந்த ரகம். மண்ணில் இவை குறைந்தால், மரம் தன் முதிர்ந்த இலைகளிலிருந்து இவற்றை எடுத்துக் கொழுந்துக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். அதனால் முதலில் வாடுவது அடி இலை. நுனி பச்சையாகத்தான் இருக்கும். வீட்டில் பால் குறைந்தால் தாய் தன் காப்பியைக் கறுப்பாகக் குடித்துவிட்டுக் குழந்தைக்குப் பாலை வைப்பது போல!

வேறு சில சத்துகள் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எளிதில் நகராதவை. இரும்பு, சுண்ணாம்புச் சத்தான கால்சியம், போரான் ஆகியவை இந்த ரகம். இவை குறையும்போது அடி இலை பச்சைப் பசேலென்று இருக்கும், கோளாறு கொழுந்தில்தான் தெரியும். கொடுக்க மனமிருந்தும் கையில் இருப்பதைக் கழற்ற முடியாத நிலை.

மூன்று நான்கு அடையாளங்களைச் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடி இலையிலிருந்து ஆரம்பித்து இலை முழுவதுமே ஒரே மாதிரி வெளிறி மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு.

அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் பொட்டாஷ் குறைவு.

அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளானால் மக்னீசியக் குறைவு.

இதே அடையாளம், அதாவது பச்சை நரம்பும் மஞ்சள் நடுவும், கொழுந்தில் வந்தால் இரும்புக் குறைவு.

நம் ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற பொருளின் நடுவில் இருப்பது இரும்பு. இலைக்குப் பச்சையைக் கொடுக்கிற பொருளின் நடுவில் இருப்பது மக்னீசியம். ஆனாலும் அந்தப் பச்சையைத் தயாரிக்க இரும்பும் வேண்டும். அதனால்தான் இரும்பு குறைந்தால் நாமும் வெளுக்கிறோம், இலையும் வெளுக்கிறது.

கால்சியம் விஷயத்தில் நமக்கும் மரத்துக்கும் ஒரு வித்தியாசம். பிள்ளை பெறுகிற, பால் கொடுக்கிற தாய்க்குச் சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால், அவள் எலும்பிலிருந்து எடுத்தாவது உடம்பு குழந்தைக்குக் கொடுக்கும். மரத்தால் அது முடியாது. இலை நிறையக் கால்சியம் இருந்தாலும் அதைக் காய்க்குத் திருப்ப அதற்கு வழியில்லை. கடையில் வாங்கிய சில ஆப்பிள்களில் தோலுக்கு அடியில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புழு என்று குழந்தைகள் ஒதுக்கிவிடுவார்கள். அது புழுவும் இல்லை, தொற்றும் நோயும் இல்லை. பழத்துக்குக் கால்சியம் போதாமல் வந்த தழும்பு. அந்த இடத்தைச் சீவிவிட்டு மிச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். இதைத் தடுக்கத்தான் காய் வளரும்போதே அதன்மேல் படும்படி கால்சியக் கரைசலைத் தெளிக்கிறார்கள்.

அளவுக்கு மிஞ்சினால்...

பொட்டாஷ் குறைவு என்று தெரிந்ததும், இனிமேல் குறையே வரக்கூடாது என்று அள்ளி அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? இலையோரம் கருகுவது நிற்கும். ஆனால் வேறொரு கோளாறு தலைகாட்டும். நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகிப் பழுத்து, அடியிலிருந்து இலை உதிர ஆரம்பிக்கும். மேலே சொன்ன அடையாளப்படி இது மக்னீசியக் குறைவு. மண்ணில் மக்னீசியம் இல்லாமல் இல்லை. பொட்டாஷ் அதிகமாகிவிட்டால் வேர் மக்னீசியத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது. பந்தியில் ஒருவரே இலையை மறைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாற முடியாதே, அப்படித்தான்.

டானிக் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, 'சத்துதானே, எவ்வளவு கொடுத்தால் என்ன?' என்று நினைக்கிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் அளவுக்கு மேல் போனால் விஷம்தான். எது குறைகிறது என்று தெரிந்த பிறகே கொடுக்க வேண்டும், குறைகிற அளவுக்கே கொடுக்க வேண்டும். மரத்துக்கும் இதே சட்டம்தான்.

கலிபோர்னியாவில் ஒரு துப்பறியும் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் பழத்தோட்டங்கள் கணக்கில் அடங்காதவை. அங்கே பீச் முதலான மரங்களில் 'சின்ன இலை' என்று ஒரு நோய் இருந்தது. கிளை நுனியில் இலைகள் சின்னதாக, குறுகலாக, ரோஜாப்பூ இதழ் மாதிரி ஒரே கொத்தாக நெருங்கிக் கிடக்கும். மரம் வளராது, காய்க்காது. இதில் அதிசயம் என்னவென்றால், முன்னாளில் மாட்டுத் தொழுவம் இருந்து சாணம் ஏராளமாகச் சேர்ந்த இடத்திலும் இந்த நோய் வந்தது! நம் கணக்குப்படி அது தங்கம் விளைய வேண்டிய மண் அல்லவா?

பெர்க்லியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பழமர நிபுணர் சாண்ட்லரும், செடிகளின் உணவைப் பற்றி ஆராய்ந்த ஹோக்லண்டும் தங்கள் சகாக்களோடு இதை எடுத்துக்கொண்டார்கள். இரும்புக் குறைவாக இருக்குமோ என்று நினைத்து அன்னபேதி உப்பை மண்ணில் ஏராளமாகப் போட்டுப் பார்த்தார்கள். சில மரங்கள் தேறின. 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. ஏனென்றால் ஒரு சரக்கில் வாங்கிய அன்னபேதி வேலை செய்தது, இன்னொரு சரக்கு வேலை செய்யவில்லை. சுத்தமான அன்னபேதியால் பலனில்லை, அசுத்தமானதால் பலன்! அப்படியானால் குணப்படுத்தியது அன்னபேதி இல்லை, அதில் கலந்திருக்கிற ஏதோ ஓர் அழுக்கு. அதைத் தேடினார்கள். கிடைத்தது துத்தநாகம். 1930களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டார்கள். துத்தநாகம் பூசிய ஆணிகளை அடிமரத்தில் அடித்தால்கூட மரம் தேறியது என்றால் பாருங்கள். ஒரு மரத்துக்குத் தேவைப்பட்ட அளவு அவ்வளவு சொற்பம்!

தொழுவம் இருந்த இடத்தில் துத்தநாகம் எப்படிக் குறைந்தது? சாணத்தோடு சேர்ந்த மணிச்சத்து மிதமிஞ்சிப் போனால், துத்தநாகம் வேருக்குக் கிடைப்பது குறைந்துவிடும். முன்னே சொன்ன பந்திக் கதையேதான்.

இலையிலிருந்து குழந்தைக்கு

இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்ற டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரான் நாட்டில் வேலை பார்த்தபோது சில வாலிபர்களைப் பார்த்தார். இருபது வயதானவன்கூடப் பத்து வயதுப் பையனைப் போலக் குள்ளமாக, மீசை அரும்பாமல் இருந்தான். ரத்தச்சோகையும் இருந்தது. அவர்கள் சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி. மாமிசம் அபூர்வம். துத்தநாகக் குறைவு காரணமாக இருக்கலாம் என்று 1961-ல் எழுதினார். மனிதனுக்கு அப்படி ஒரு குறைவு வரும் என்று அப்போது மருத்துவ உலகம் நம்பவில்லை. பிறகு எகிப்தில் நடந்த ஆராய்ச்சியில் அது உறுதியானது. மரத்தில் இலை சின்னதாகப் போனதற்கும் பிள்ளை வளராமல் போனதற்கும் காரணம் ஒரே உலோகம்! இலையில் கண்டுபிடித்து முப்பது வருஷம் ஆன பிறகே குழந்தையில் கண்டார்கள்.

இன்று அதன் பலன் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் சொல்லின. அப்போது அவை சொன்ன அளவு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டாக்டரிடமோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், சொன்ன நாள் முடியும்வரை கொடுப்பது முக்கியம்.

லாங் ஆஷ்டனிலிருந்தும் குழந்தைகளுக்கு ஒரு பரிசு கிடைத்தது. அங்கே பழச்சாறுகளை ஆராய்ந்தபோது பிளாக்கரண்ட் என்ற சின்னக் கறுப்புப் பழத்தின் சாற்றில் வைட்டமின் 'சி' ஏராளமாக இருப்பது தெரிந்தது. யுத்த காலத்தில் ஆரஞ்சுப்பழம் கப்பலில் வருவது அபூர்வமானபோது, 1942 முதல் அந்தச் சாற்றையே பாகாக்கி அரசாங்கம் சின்னக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது.

நம் வீட்டுக் கறிவேப்பிலை

ஆப்பிளும் பீச்சும் நம் கொல்லையில் இல்லை. கறிவேப்பிலை இருக்கிறதே! உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் உள்ள ஊர்களில் கறிவேப்பிலைக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எலுமிச்சையிலும் இதைப் பார்க்கலாம். இது இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதிகமான மண்ணில் அது கரையாது. கரையாததை வேர் உறிஞ்சாது. வீட்டில் அரிசி இருந்தும் அடுப்பு எரியாத கதை.

நம் அம்மா, பாட்டி எல்லாரும் புளித்த மோரைத் தண்ணீர் விட்டுக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? "அதுல விஷயம் இருக்கு அத்தை. புளிப்பு பட்டா இரும்பு கொஞ்சம் கரையும். ஆனா மண்ணுல சுண்ணாம்பு ரொம்ப இருந்தா ஒரு சொம்பு மோரு எந்த மூலைக்கு? மக்கின எருவையும் சேர்த்துப் போடுங்க. அப்பவும் கொழுந்து வெளுப்பாவே இருந்தா, அன்னபேதியைக் கரைச்சு இலையில தெளிக்கலாம். எவ்வளவுன்னு தோட்டக்கலை ஆபீஸில கேட்டுக்கணும், கூடினா இலை கருகிடும்" என்றாள் என் நாத்தனார் மகள்.

எந்த உரமும் வாங்குவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலையின் அடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருந்தால் அது வேறு வழக்கு. தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வேர் மூச்சுவிட முடியாமல் தவிக்கும்போது உரம் போட்டால் ஜுரத்தில் கிடப்பவருக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

தோப்பு, வயல் உள்ள குடும்பங்கள் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். மண்ணின் புளிப்பு, உப்பு, மக்குப் பொருளின் அளவையும் குறித்துக் கொடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுவதற்கு முன் இந்தச் சீட்டைப் பார்த்தால் காசும் மிச்சம், மண்ணும் பிழைக்கும்.

பெண்ணுக்கு ஏற்ற படிப்பா?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற பழமையான விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1906-ல் வின்ஃபிரெட் பிரெஞ்ச்லி என்ற பெண்மணி வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை எல்லாரும் ஆண்கள். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியவில்லையாம். சாயங்காலம் டீயாவது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அங்கே தினமும் எல்லாரும் கூடி டீ குடிக்கும் வழக்கமே அவரால்தான் வந்தது என்று சொல்கிறார்கள். டீயோடு அவர் நின்றுவிடவில்லை. செடிகளுக்கு எந்த உப்பு உணவு, எது விஷம் என்று ஆராய்ந்து பெரிய பெயர் வாங்கினார்.

அவரோடு வேலை செய்த கேதரின் வாரிங்டன் என்ற இளம் பெண், அவரைச் செடிக்குச் செடி பார்த்து, போரான் இல்லாவிட்டால் அது உயிரோடு வளரவே முடியாது என்று 1923-ல் நிரூபித்தார். இத்தனைக்கும் தேவைப்படுவது இம்மியளவுதான். சில வருஷங்கள் கழித்து, நியூஸிலாந்திலும் கனடாவிலும் ஆப்பிளின் சதைக்குள்ளே தக்கை மாதிரி பழுப்புக் கட்டிகள் வந்து பழம் வீணானபோது, காரணம் போரான் குறைவுதான் என்று தெரிந்தது. மரத்தடியில் கொஞ்சம் வெண்காரம் போட்டதும் தோட்டங்கள் பிழைத்தன. இங்கிலாந்தில் ஒரு பெண் தொட்டியில் வளர்த்த அவரை, பூமியின் மறுகோடியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காப்பாற்றியது!

இந்த வேலையில் கஷ்டம் இல்லாமல் இல்லை. நெல் என்றால் நாலு மாதத்தில் பதில் சொல்லும். மரம் அப்படி இல்லை. நட்டுக் காய்க்கவே வருஷங்கள் ஆகும். ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். மழை ஒரு மாதிரி பெய்யும், ஒரு மாதிரி பொய்க்கும். அதனால் ஒரே சோதனையைப் பல வருஷம் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒருவர் தன் உத்தியோக காலத்தில் இப்படி முழுசாகச் செய்து முடிக்கிற சோதனைகள் சிலவே இருக்கும். அவர் நட்ட மரத்தின் கணக்கை அவருக்குப் பின்னால் வருகிறவர் எழுதி முடிப்பதும் உண்டு. வெயிலில் நிற்க வேண்டும். ஒரே வயதுள்ள இலைகளாகப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் ஒரே உயரத்தில் பறித்து, கழுவி, காயவைத்துப் பொடித்து, எடை போட்டுக் குறிக்க வேண்டும். பார்க்கப் போனால் ஒரு குடும்பப் பெண் தினமும் காட்டுகிற பொறுமையும் சுத்தமும் கணக்கும்தான் அங்கேயும் வேண்டியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்தவர்கள் ஆராய்ச்சிக்கும் போகலாம், அரசாங்கத் தோட்டக்கலைத் துறையிலும் சேரலாம், பாங்குகளில் விவசாய அதிகாரியாகவும் ஆகலாம், சொந்தத் தோப்பையும் பார்க்கலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கிற பெண்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லுங்கள். மருத்துவம் கிடைக்காததால் என்று இல்லாமல், இதையே ஆசைப்பட்டுக் கேட்கிற பெண் இருந்தால் தடை சொல்லாதீர்கள்.

எங்கள் வீட்டில், யார் கட்டிக்குவார்கள் என்று கவலைப்பட்ட என் மாமியார் இப்போது பேத்தியிடம் முருங்கை ஏன் பூவை உதிர்க்கிறது என்று போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவளும் சளைக்காமல், "முதல்ல எவ்வளவு தண்ணி ஊத்துறீங்கன்னு சொல்லுங்க பாட்டி" என்று டாக்டர் மாதிரி கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

சகோதரிகளே, நாளைக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று அடி இலையையும் கொழுந்தையும் பாருங்கள். பக்கத்தில் உங்கள் பெண்ணையோ பையனையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். எது வெளுத்திருக்கிறது, எது பச்சையாக இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்.